ஒன்பதாம் வாட்டு வரன்

3 மார்ச் 1975, திங்கள்

வெய்யில். காலமை ஏழு மணிக்கே முதுகு நனைஞ்சு போச்சு. லோண்ட்ரிக்குள்ளை கேக்கவே வேண்டாம், புட்டுப் பானைக்குள்ளை இறக்கி மூடினமாதிரி.

பெரிய பிரஸ் மெசின் பழுது. நானும் சோபியாவும் தலையணை உறை முழுக்கக் கையாலை ஸ்திரி. வலது தோள் செத்துது.

இண்டைக்கும் வரனின்ரை சேட்டு வந்தது. இந்தச் சிட்னி விசர் ஆசுபத்திரியிலை ஒவ்வொரு சேட்டுக்கும் கழுத்துப் பட்டியிலை அழியாத மையாலை ஆளின்ரை பேர் இருக்கும். இது P. VARAN. எட்டு மாசமாத் தோய்க்கிறன், ஆளை ஒருநாளும் காணேல்லை. லோண்ட்ரிக்காரர் வாட்டுப் பக்கம் போறதில்லை. வந்த புதுசிலையே சோபியாவுக்கு விளங்கப்படுத்தினனான், எங்கடை பாசையிலை வரன் எண்டா கலியாணத்துக்குப் பாத்து வைக்கிற மாப்பிளை எண்டு. அண்டு தொடங்கி அந்தச் சேட்டு வந்தா கையைத் தட்டி, மணி உன்ரை மாப்பிளை வந்திட்டார் எண்டுவாள். நானும் சேட்டைத் தோளிலை போட்டு ரெண்டு ஆட்டம். நாப்பத்தொன்பது வயசு, புருசன் போய் ஆறு வருசம், இதிலையும் சிரிக்காட்டி எதிலை சிரிக்கிறது. அவள் கிறீஸ்காரி. என்ரை இங்கிலீசு அவளுக்கு விளங்கும், அவளின்ரை எனக்கு விளங்கும். வெள்ளைக்காரருக்குத்தான் ரெண்டும் விளங்காது.

செய்தி: ஒன்பதாம் வாட்டை மூடப்போகினம். பழைய கட்டடம், கூரை ஒழுக்கு. சொந்தக்காரர் இருக்கிற ஆக்களை வீட்டை விடுவினமாம். ஒருத்தரும் இல்லாத ஆக்களை வாற கிழமை வெள்ளிக்கிழமை, பதினாலாந் திகதி, பஸ்ஸிலை ஏத்தி உள்நாட்டிலை வேறை ஒரு ஆசுபத்திரிக்கு. எட்டு மணித்தியால ஓட்டம். சோபியா கேள்விப்பட்டது, அங்கை இலையான் ஈயும் செம்மண்ணும்தானாம்.

வாங்க: வெங்காயம், சவுக்காரம், மகள் சாந்திக்கு நீல நூல்.

4 மார்ச், செவ்வாய்

மப்பு. மழை வரப்பாத்து வரேல்லை.

வாட்டுகளுக்குத் துணி வண்டில் தள்ளுற பெற்றிக்குக் கால் வீக்கம். சூப்பவைசர் என்னைத் தள்ளச் சொன்னான். சோபியா வாசலிலை நிண்டு கைகாட்டினாள், பொம்பிளை மாப்பிளை பாக்கப் போறா எண்டு.

பெரிய மண்டபத்திலை ஒரு டொக்டரின்ரை படம். தேங்காய்ப் பொச்சுமாதிரித் தாடி. நூறு வருசத்துக்கு முந்தி இஞ்சை பெரியவரா இருந்தவராம். ஒன்பதாம் வாட்டுப் பொறுப்பு சிஸ்டர் டோரின் சொன்னா. பருத்த மனிசி, கதைச்சா நிப்பாட்டாது, எனக்குப் பிடிச்சிட்டுது. அந்தக் காலத்திலை விசர் எண்டா சங்கிலியாலை சுவரோடை கட்டுறதாம், இருட்டறையாம், வைக்கோலிலை படுக்கையாம். இந்தத் தாடிக்காரர் வந்து சங்கிலி எல்லாத்தையும் கழட்டுவிச்சவர். மரம் நட்டவர். சனிக்கிழமையிலை வாத்தியம் வைச்சு ஆடவிட்டவர். இதுகள் வருத்தக்காரர், கள்ளர் இல்லை எண்டு சொன்னவர். அவர் சொல்லேக்கை ஊரே சிரிச்சதாம். சிஸ்டருக்குச் சொந்தப் பாட்டனாரைப் பற்றிச் சொல்லுறமாதிரி முகம் மலர்ந்துபோச்சு.

மதிலும் அவர் கட்டுவிச்சதுதான். வராந்தாவிலை நிண்டு பாத்தா புல்லு அப்பிடியே சரிஞ்சு ஆறு மட்டும் போகுது. மதிலே இல்லை. கிட்டப் போய்ப் பாத்தன்.  ஆள் உயரத்துக்கு மேலை ஆழமா ஒரு வெட்டுக் கிடங்கு, அதுக்குள்ளை கல்மதில் நிக்குது. மதிலின்ரை தலை மற்றப் பக்கத்து நிலத்தோடை நிலம். இருக்கிற ஆக்களுக்கு மறியல்வீடுமாதிரித் தெரியக்கூடாது எண்டு அப்பிடிக் கட்டினவராம். என்ரை மனிசனும் உப்பிடித்தான், வெளியிலை பாத்தா ஒரு தடையும் இல்லை எண்டன். சிஸ்டர் கண்ணிலை தண்ணி வரச் சிரிச்சா.

அவர் போட்ட இன்னொரு சட்டம். வருசத்துக்கு ஒருக்கா, மார்ச் மாசத்திலை, ஒவ்வொரு ஆளையும் கூப்பிட்டு மூண்டு கேள்வி கேக்கவேணும். உன்ரை பேர் என்ன. எங்கையிருந்து வந்தனீ. உனக்கு என்ன வேணும். அவரவர் வாயாலை சொல்லுறதை அப்பிடியே கொப்பியிலை எழுதவேணும். ஒரு வருசமும் தவறினதில்லையாம். வியாழக்கிழமை கேக்கிற நாள்.

மாப்பிளையைக் கண்டன். வராந்தாக் கடைசிக் கதிரை. கறுவல், மெலிவு, தலை வெள்ளை, மடியிலை ஒரு பழைய தொப்பி. ஆத்தைப் பாத்தபடி. ஹலோ மிஸ்டர் வரன், உங்கடை சேட்டுத் தோய்க்கிறது நான்தான் எண்டு இங்கிலீசிலை சொன்னன். திரும்பவும் இல்லை. கப்பலாலை இறக்கின இந்தியன் எண்டு சிஸ்டர் சொன்னா. தன்ரை பேரைத் தவிர வேறை ஒரு சொல்லும் வாயாலை வராதாம். முதல் ஒவ்வொரு நாளும் சொல்லுவாராம், பிறகு பிறகு குறைஞ்சு இப்ப கேக்கிற நாளிலை மட்டும்.

மலையாளமோ, பீஜியோ. ஆருக்குத் தெரியும்.

ராச்சாப்பாட்டிலை மாப்பிளை பாத்த கதை சொன்னன். சாந்தி சிரிச்சாள். மரு. சிரிக்கேல்லை. (மருமோனை இனி மரு. எண்டுதான் எழுதுவன், கை நோகுது.) வருத்தக்காரரைப் பற்றிப் பகிடி பண்ணக்கூடாது மாமி எண்டார். கணக்காளர். சிரிப்பையும் வரவு செலவிலை போட்டுத்தான் விடுவார்.

6 மார்ச், வியாழன்

இண்டைக்கு எழுத்து வடிவா வராது. வெய்யிலோ மழையோ நினைவில்லை.

வராந்தாவிலை மேசை போட்டு சிஸ்டர் கொப்பியோடை. நான் பக்கத்து அலுமாரிக்குள்ளை தலையை விட்டுத் துவாய் அடுக்கிறன். ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுக் கேக்கினம். ஒருத்தர் தான் ராசா எண்டார். ஒருத்தி ஐஸ்கிறீம் வேணும் எண்டாள். சிரிச்சுக்கொண்டு நிண்டன்.

மிஸ்டர் வரன் எண்டு கூப்பிட்டது கேட்டுது. கதிரை உரஞ்சின சத்தம். சிஸ்டர் பேரைக் கேட்டா.

மெல்லிசான குரல். நல்ல தெளிவு.

"போட்டு வாறன்."

என்ரை வாய் தன்பாட்டிலை, "ஓம், போட்டு வாங்கோ" எண்டுது.

யோசிக்கேல்லை. சத்தியமா யோசிக்கேல்லை. வீட்டாலை ஒருத்தர் வெளிக்கிட்டு அப்பிடிச் சொன்னா அடுப்படியிலை நிண்டபடி நாங்கள் சொல்லுறதுதானே. துவாயைக் கையிலை வைச்சுக்கொண்டு சொல்லிப்போட்டன். சொல்லி முடிய இது சிட்னி எண்டு நினைவு வந்தது. தலையை வெளியாலை எடுத்தன்.

அந்தாள் என்னைப் பாக்குது. வாய் திறந்தபடி. பிறகு தொப்பியைத் தலையிலை வைச்சு, சேட்டை இழுத்துவிட்டு, படியாலை இறங்கிப் போச்சு. தோட்டத்திலை உலாவ எல்லாருக்கும் விடுறது, ஒருத்தரும் மறிக்கேல்லை. ஓடேல்லை. பிந்திப்போன ஆள் நடக்கிறமாதிரி, ஆத்தைப் பாத்து நேரை. சிஸ்டர் குனிஞ்சு எழுதிக்கொண்டிருக்கிறா. எனக்குக் கத்த வரேல்லை. என்ன பாசையிலை கத்துறது எண்டு தெரியேல்லை.

புல்லிலை நடந்த மனிசனைத் திடீரெண்டு காணேல்லை. நிலம் விழுங்கினமாதிரி.

கிடங்குக்குள்ளை.

ஏணி வைச்சுத் தூக்கினவை. கணுக்கால் முறிஞ்சு தொங்குது. அழேல்லை. இத்தனை வருசமாத் தோட்டத்தைத் தாண்டாத ஆளுக்கு இண்டைக்கு என்ன பிடிச்சுது எண்டு சிஸ்டர் திருப்பித் திருப்பிக் கேட்டா. நான் அங்கைதான் நிண்டன். 

எல்லாரும் ஆளோடை ஓட, கொப்பி மேசையிலை திறந்தபடி. இங்கிலீசு எழுத்து சாந்தி சின்னனிலை படிக்கேக்கை பக்கத்திலை இருந்து பொறுக்கினது. விரல் வைச்சு வாசிச்சன். பேர்: P-O-T-U V-A-R-A-N. எங்கையிருந்து: தெரியாது. என்ன வேணும்: தன் பேரையே சொல்கிறார். மற்ற ரெண்டையும் இண்டைக்குக் கேக்கவே இல்லை. அதுக்கு மேல் வரி, போன வருசம். அதே. அதுக்கு மேலை. அதே. பக்கம் முழுக்க அதே. மை வேறை, கையெழுத்து வேறை, சொல்லு அதே. இருபத்தினாலு வரி.

வரன் இல்லை. வாறன்.

பேர் கேட்டவைக்கு அந்த மனிசன் போட்டு வாறன் எண்டு விடைபெறப் பாத்திருக்கு. அதைப் பேர் எண்டு எழுதிப்போட்டினம். P எண்டது போட்டு.

எட்டு மாசம் தோளிலை போட்டு ஆடினனே.

7 மார்ச், வெள்ளி

சோறு இறங்கேல்லை. சோபியா ரெண்டுதரம் கேட்டாள், என்ன மணி வாய் செத்துப்போச்சு எண்டு. சேட்டு வந்தது. கையைத் தட்டினாள். நான் குலுங்கி அழத் தொடங்க அவள் மெசினை நிப்பாட்டிப்போட்டு வந்து கட்டிப்பிடிச்சாள். சொன்னன். நெத்தியிலை கைவைச்சாள்.

ஆளை இப்ப பூட்டுற வாட்டிலை வைச்சிருக்கினம், காலிலை பிளாஸ்ரர் பத்தோடை. காகிதத்திலை தப்பி ஓடினவர் எண்டு எழுதியாச்சு. பஸ் லிஸ்ற்றிலை முதல் பேர் இப்ப அவரின்ரை. ஓடுற ஆளை இஞ்சை வைச்சிருக்க ஏலாதாம்.

ஓடச் சொன்னது நான்.

மத்தியானம் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனன். பூட்டுற வாட்டு நேர்ஸ் திறந்துவிட்டான். கட்டிலுக்குக் கிட்டக் குனிஞ்சு, அண்ணை, நான் யாழ்ப்பாணம் எண்டன். கண்ணைத் திறந்து கனநேரம் பாத்தார். பிறகு கேட்டார்.

"கப்பல் வெளிக்கிட்டிட்டுதோ?"

எனக்குப் பொய் நல்லா வரும். இதுக்கு வரேல்லை. ஓம் அண்ணை, வெளிக்கிட்டிட்டுது எண்டன். தலையாட்டினார். பிந்திப்போனன் எண்டார்.

பிறகு துண்டு துண்டா. பேர் தாமோதரம். பருத்தித்துறை, அம்மன் கோயிலடி. தம்பி ஒருத்தர், கனகரத்தினம். சாமான் கப்பலிலை எண்ணெய் போடுற வேலை. காய்ச்சல் வந்து பிதற்ற, இறக்கி இஞ்சை கொண்டுவந்தவை. காய்ச்சல் மாற, உடுப்பு மாத்தி, மேசையிலை இருந்த பெரியவரிட்டைச் சொல்லிப்போட்டுப் போகப் போனாராம். பெரியவர் எழுதினாராம், ஒண்டும் சொல்லேல்லையாம். அடுத்த நாளும் சொன்னாராம். அவை எழுதினவையாம்.

ஏன் அண்ணை, சொல்லாமல் எழும்பிப் போயிருக்கலாமே எண்டன். புல்லுத்தானே கிடந்தது, மதில் தெரியாதே.

என்னை ஒரு பழக்கவழக்கம் தெரியாத மனிசியைப் பாக்கிறமாதிரிப் பாத்தார். சோறு தந்த இடத்திலையிருந்து சொல்லாமல் போறதோ எண்டார். ஒருத்தர் எண்டாலும் போட்டு வா எண்டு சொல்லவேணுமெல்லே.

நேற்று நான் சொன்னன். இருபத்தினாலு வருசத்துக்குப் பிறகு.

முழுச் சுகம் எண்டு நான் எழுதேல்லை. இடையிலை சுவரைப் பாத்துச் சிரிப்பார். கதையிலை ஆக்கள் மாறுப்படுகினம். தாய்க்குப் பக்கத்திலை இருக்கிறமாதிரிக் கதைக்கிறார். ஆனா அங்கை இருந்தா ஆருக்குத்தான் மாறுப்படாது.

8 மார்ச், சனி

காலமைச் சாப்பாட்டு மேசையிலை வீட்டிலை சொன்னன். முழுக்க. மரு. கரண்டியை வைச்சார். முகம் வெளிறிப்போச்சு. மாமி, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை, ஒருத்தரும் கேக்கேல்லை, அப்பிடியே விடுங்கோ எண்டார். கால் முறிஞ்சதுக்கு நீங்கள்தான் காரணம் எண்டா வேலை போகும், பொலிஸ் வரும், நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து மூண்டு வருசம் ஆகேல்லை.

நான் கைப்பையை எடுத்தன். அதைக் கண்டு அவருக்கு இன்னும் பயம் வந்திருக்கவேணும்.

சாந்தி எழும்பிக் கைகழுவிப்போட்டு, பேர் விலாசம் சொல்லுங்கோ அம்மா எண்டாள். பஸ்ஸிலை பரமட்டாத் தபால் கந்தோருக்கு ரெண்டு பேரும். பன்னிரண்டு மணிக்குப் பூட்டமுன்னம் தந்தி குடுத்தாச்சு. தம்பியார் கனகரத்தினத்தின்ரை பேருக்கு. பேர் தாமோதரம், சிட்னியிலை உயிரோடை, பதினாலுக்கு முன்னம் மறுமொழி அவசரம்.

கந்தோர் பெட்டை தாமோதரத்தை எழுத்து எழுத்தாக் கேட்டு எழுதினாள். ரெண்டுதரம் திருப்பி வாசிச்சுக் காட்டினாள். அவளைக் கட்டிக்கொஞ்சலாம் எண்டு வந்தது.

9 மார்ச், ஞாயிறு

தூறல். நோயாளர் பாக்கிற நாள்.

குத்தரிசிச் சோறு, சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி. மீன் நல்லது கிடைக்கேல்லை. தூக்குச் சட்டியிலை.

கரண்டி ஒண்டு குடுத்தாங்கள். அண்ணை அதைக் கட்டில் ஓரமா வைச்சிட்டுக் கையைக் கழுவத் தண்ணி தேடினார். குவளையிலை தண்ணி ஊத்தினன். சொதியை ஊத்திக் குழைச்சு ஒரு வாய். பிறகு தலையைக் குனிஞ்சவர் சட்டி வெறுமையாகு மட்டும் நிமிரேல்லை. நேர்ஸ் எட்டிப் பாத்து, அவர் உப்பிடித்தான், கையாலை அளைவார், அது வருத்தத்திலை ஒரு குணம் எண்டு கொப்பியிலை இருக்கு எண்டான். நல்ல பொடியன்தான்.

அப்ப எனக்கும் உந்த வருத்தம் இருக்கு எண்டன். அவன் பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சான்.

உப்புக் கொஞ்சம் கூட எண்டு அண்ணை சொன்னார். உண்மை. கூடத்தான்.

10 மார்ச், திங்கள்

தந்தி இல்லை. சிஸ்டரிட்டைச் சொல்லப் போனன், அவவுக்கு லீவு. பிரஸ் மெசின் திருத்தியாச்சு. தலையிடி.

11 மார்ச், செவ்வாய்

நல்ல வெய்யில். சாந்தியின்ரை நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனன், வேர்வை ஆறா ஓடினது. பயத்திலை என்ன போடுறது எண்டு தெரியேல்லை.

சிஸ்டர் டோரின், வாட்டு டொக்டர் (சின்னப் பொடியன், முகத்திலை பரு), நான். நான்தான் போகச் சொன்னனான் எண்டு முதலே சொல்லிப்போட்டன். பிறகு சொன்னால் வாய் எழும்பாது.

சொல்லு சொல்லா விளங்கப்படுத்தினன். போட்டு எண்டா கோ. வாறன் எண்டா கம். அவர் சொன்னது ஐ கோ அண்ட் கம். டொக்டர் நல்ல கவனமாக் கேட்டு எழுதினார். எழுதினதை வாசிச்சார். நோயாளி வெளியே போய் இங்கேயே திரும்பி வர விரும்புகிறார்.

 இல்லை எண்டன். திரும்பி வரமாட்டாரா எண்டார். வருவார், ஆனா வரமாட்டார் எண்டன். பேனையை வைச்சிட்டு என்னையும் ஒரு மாதிரிப் பாத்தார். எனக்கும் ஒரு கட்டில் போடப்போறாங்கள் எண்டு நினைச்சன்.

எங்கடை ஆக்கள் போறன் எண்டு சொல்லுறேல்லை, அது திரும்பாத போக்குக்குத்தான் சொல்லுறது, வாசலாலை இறங்கேக்கை வாறன் எண்டுதான் சொல்லுவம். இதை என்ரை இங்கிலீசிலை எப்பிடிச் சொல்ல. கையைக் காலை ஆட்டினன். ஏறேல்லை. அப்பதான் கண்ணுக்கு முன்னாலை சிஸ்டர் இருந்தா.

சிஸ்டர், நீங்கள் பின்னேரம் வீட்டை வெளிக்கிடேக்கை என்ன சொல்லுறனீங்கள் எண்டன். சீ யூ லேற்றர் எண்டா. பஸ்காரனுக்கும் அப்பிடித்தானே சொல்லுறனீங்கள், பிறகு அவனைப் பாக்கிறனீங்களோ. இல்லை எண்டா.

"அப்ப நீங்கள் எங்கடை ஊருக்கு வந்து, காய்ச்சல் மாறி, மரியாதைக்குச் சீ யூ லேற்றர் எண்டிருக்கிறீங்கள். நாங்கள் அதை உங்கடை பேர் எண்டு எழுதி, மிஸிஸ் லேற்றர், மிஸிஸ் லேற்றர் எண்டு இருபத்தினாலு வருசம் கூப்பிட்டுச் சோறு போட்டிருக்கிறம்."

பகிடியாத்தான் தொடங்கினது. முடியேக்கை ஒருத்தரும் சிரிக்கேல்லை. நானும்.

சிஸ்டரின்ரை முகம் சாம்பல். எழும்பி வெளியிலை போனா. வரேக்கை முகம் கழுவியிருந்தது. தான் பொறுப்பெடுத்துப் பதினொரு தரம் தன்ரை கையாலை எழுதினவாவாம். ஒவ்வொரு நாளும் காலமை குட்மோர்னிங் மிஸ்டர் வரன் எண்டு சொன்னவாவாம். தாடிக்காரரின்ரை சட்டம் ஒரு வருசமும் தவறேல்லை எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னா. குரல் வேறையாப் போச்சு.

டொக்டர் கொப்பியின்ரை முதல் பக்கத்தைத் திருப்பினார். தாடிக்காரர் எழுதினது அதிலை ஒட்டியிருக்கு, பழுப்பு மை. அவரவர் சொந்தச் சொல்லில் எழுதுக. அதை வாசிச்சிட்டுக் கொப்பியை மூடினார்.

நான் அந்தத் தாடிக்காரரைக் குறை சொல்லேல்லை. சங்கிலி கழட்டினவர். கேக்கச் சொன்னவர், எழுதச் சொன்னவர். விளங்கேல்லை எண்டா ஆரையும் பிடிச்சுக் கேள் எண்டு எழுதேல்லை. அது சொல்லித்தான் தெரியவேணும் எண்டு நினைச்சிருக்கமாட்டார்.

ஆனா லிஸ்ற் மாறாது. டொக்டருக்கு மேலை பெரியவர் இருக்கிறார். சொந்தக்காரர் ஏற்கிறம் எண்டு எழுத்திலை வந்தாத்தான் பேர் வெட்டுப்படும். நான் சொல்லுறது காணாது. வியாழன் பின்னேரம் வரை தவணை.

12 மார்ச், புதன்

தந்தி இல்லை.

தம்பியார் செத்திருப்பாரோ. விலாசம் மாறியிருக்குமோ. செத்தவீடு செய்து, அந்தியேட்டிக் கிரியையும் முடிச்ச ஆளை உயிரோடை எண்டா ஆர் நம்புவினம்.

வேலையாலை வர மரு. மேசையிலை தட்டெழுத்து மெசினோடை. பெரியவருக்குக் கடிதம். சேர், மேடம், பணிவுடன் எல்லாம் போட்டு ரெண்டு பக்கம். தாமோதரத்துக்குப் பொறுப்பாத் தன்ரை பேரும் வேலையிடமும் விலாசமும் அடியிலை. நான் ஒண்டும் கேக்கேல்லை. மாமியின்ரை இங்கிலீசிலை விட்டா அந்த மனிசனைச் சந்திரனுக்கு அனுப்பிப் போடுவாங்கள் எண்டார்.

மரு. பகிடி விட்ட நாள். குறிச்சு வைக்கிறன்.

ரெண்டாந்தரம் சோறு போட்டன், மறுக்கேல்லை.

13 மார்ச், வியாழன்

காத்து. கொடியிலை போட்ட விரிப்பு எல்லாம் பறக்குது.

பத்து மணி, இல்லை. பன்னிரண்டு, இல்லை. கடிதத்தைச் சிஸ்டர் தானே கொண்டுபோய்ப் பெரியவரிட்டைக் குடுத்தா. உறவு எண்டு எழுதேல்லையே எண்டு கேட்டாராம். ஊர்க்காரர் எண்டது உறவு இல்லையாம்.

ரெண்டரைக்குச் சாந்தி லோண்ட்ரி வாசலிலை. வேலையிலையிருந்து ஓடி வந்திருக்கிறாள், ஒரு செருப்பு அறுந்து. தந்தி வீட்டை வந்து, பக்கத்து வீட்டு மனிசி வாங்கி வைச்சு, அவளுக்குப் போன் பண்ணி. அவள் வாசிக்க வாசிக்க நான் கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

தாமோதரம் எங்கள் அண்ணன். அம்மா உயிரோடு. அனுப்பவும். கனகரத்தினம்.

அம்மா உயிரோடு. அவவுக்கு எண்பது தாண்டியிருக்கவேணும்.

அந்தச் சொல்லோடை நிலத்திலை இருந்திட்டன். சோபியாதான் தந்தியைப் பறிச்சுக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினவள். தவணைக்கு முன்னம் குடுத்தாச்சு. பேர் வெட்டினதைச் சிஸ்டர் வந்து காட்டினா. வெட்டிப்போட்டு பக்கத்திலை புதுப் பேர் எழுதியிருக்கு. நான் எழுத்து எழுத்தாப் பாத்தன். சரி.

கடவுச்சீட்டு, தூதரகம், கப்பலோ பிளேனோ, இன்னும் மாசக்கணக்கு எடுக்குமாம். எடுக்கட்டும்.

அண்ணைக்கு நாளைக்குச் சொல்லலாம் எண்டு டொக்டர். ஒரேயடியாச் சொன்னா தாங்கமாட்டாராம். நான் சொல்லவேணுமாம், தமிழிலை.

14 மார்ச், வெள்ளி

விடியக் குளிர். ஒன்பது மணிக்குப் பஸ் வந்தது. ஒன்பதாம் வாட்டு ஆக்கள் ஒவ்வொருத்தரா ஏறினவை, கையிலை கடதாசிப் பை. ராசா ஏறேக்கை எங்களுக்குக் கை அசைச்சார். ஐஸ்கிறீம் மனிசி படியிலை நிண்டு ஏறமாட்டன் எண்டு அழுதாள். பிறகு ஏத்தினவை. அவையின்ரை வரியிலை என்ன எழுதியிருக்கோ. சிஸ்டர் படியிலை நிண்டு, ஒவ்வொருத்தரின்ரை பேரையும் அவையிட்டையே திருப்பிக் கேட்டு, கேட்டுத்தான் ஏத்தினா. பஸ்காரன் நேரம் போகுது எண்டு ஹோண் அடிச்சான். அவ திரும்பிப் பாக்கேல்லை.

பஸ் போனபிறகு உள்ளை போனன். அண்ணை கதிரையிலை, பத்துப் போட்ட கால் வாங்கிலிலை. சவரம் எடுத்துவிட்டிருக்கு. கிட்ட இருந்தன். தந்தியைக் கையிலை குடுத்தன், இங்கிலீசு எண்டாலும் அவரின்ரை கையிலை இருக்கட்டும் எண்டு. கனகரத்தினம் மறுமொழி போட்டிருக்கிறார் அண்ணை. வரட்டாம். அம்மா உங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறாவாம்.

சந்தோசப்படுவார் எண்டு நினைச்சன். அழுவார் எண்டும் நினைச்சுத் துவாய் ஒண்டு கொண்டு போனனான். ரெண்டும் இல்லை. தந்தியைப் பாத்தபடி இருந்தார். முகம் பயந்துபோச்சு. பொழுதுபட்டபிறகு வீட்டை போற சின்னப் பிள்ளையின்ரை முகம்.

"தங்கச்சி, அம்மா கேப்பா. இவ்வளவு நேரமும் எங்கை நிண்டனீ எண்டு கேப்பா. நான் என்ன சொல்ல?"

எதுக்கும் ஒரு மறுமொழி வைச்சிருக்கிற வாய் என்ரை. ஊரிலை பேர் போனது.

கொண்டு போன துவாயை மடிச்சு, பிரிச்சு, திருப்பி மடிச்சன். அவர் என்ரை வாயைப் பாத்துக்கொண்டே இருந்தார்.